ஒன்றேகால் மணிக்கு மிளகாய் அரைத்தது

கடைத் தூளைத் தம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள் வடிவு.
பாதி மிதந்தது.
மீதி செங்கல்லாய் அடியில் உட்கார்ந்தது.
சாயம் மட்டும் நூல் நூலாக இறங்கிக்கொண்டே இருந்தது.
"செங்கல்லைத் தின்னவா தினம் ஐந்து மாடி ஏறுகிறோம்?"

ஆரம்பம் அதுதான்.
ஒன்பது எண்ணெய் டின், அடியில் ஆணித் துளை,
பசுண்டாங் ஓடைக்கரை மண் இரண்டு மூட்டை.
சைக்காக்காரன் மண்ணுக்கும் ஆள்கூலி வாங்கினான்.
விதை, மூன்றாம் மாடி டோ மியா செயின் தந்த வற்றலில் உதிர்த்தது.
வானத்தைப் பார்த்துக் காய்க்கும் சாதி.

மாவுப்பூச்சி வந்தது. சாம்பல் தூவினோம்.
இலை சுருண்டது. அரிசி கழுவிய நீர் தெளித்தோம்.
இரண்டு டின்னை எலி கவிழ்த்தது,
அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.
ஏழு டின்னில் நாளுக்கு நாலு, ஆறு, சில நாள் பன்னிரண்டு
சிவந்தன.

கூரைத் தகரத்தில் கிழிந்த கொசுவலைக்குக் கீழே
மாசி முழுக்கக் காய்ந்து,
கையிலெடுத்தால் உள்ளே விதை கலகலத்தது.
நிறுத்துப் பார்த்தோம்: கால் வீசை.
வடிவு இரண்டு தரம் நிறுத்தாள்,
தராசின் மேல் சந்தேகம்.

அரைக்க மின்சாரம் வேண்டும்.
எந்தத் தெருவுக்கு எப்போது என்று அட்டவணை ஒட்டியிருக்கிறது.
மின்சாரத்துக்குப் படிக்கத் தெரியாது.
காம்பு கிள்ளிய மிளகாயை மிக்ஸியில் நிரப்பி
மூடிமேல் கை வைத்தபடியே தூங்கிப்போனோம்.

ஒன்றேகாலுக்கு வந்தது.
ஃபிரிஜ் உதறிக்கொண்டு விழித்தது,
மாடிக்கு மாடி தண்ணீர் மோட்டார்கள் உறுமின.
முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அரைத்தேன்.
ஒன்பது நிமிஷம்.
பிறகு போய்விட்டது.

மோட்டார் நின்ற தெருவில்
எங்கள் மிளகாய் மட்டும் நடந்துகொண்டிருந்தது.

முதல் தும்மல் டோ மியா செயின்,
அதிலேயே ஒரு வசவும் இருந்தது.
பிறகு இரண்டாம் மாடிக் கைக்குழந்தை, பூனை மாதிரி.
எதிர்வீட்டு பாய் மூன்று, ஒரே மூச்சில்.
தெருமுனை மணல்மூட்டைக்குப் பின்னால்
துப்பாக்கியோடு நிற்கிற பையன்கூடத் தும்மினான்.
யாரும் தூங்கவில்லை.
இத்தனை இருட்டு ஜன்னல்களுக்குப் பின்னால்
இத்தனை பேர் விழித்துக் கிடந்தோம்.

அப்புறம் ஒன்று.
பாதியில் விழுங்கிய தும்மல்.
எங்களுக்கு நேர் கீழே, நாலாம் மாடியில்.

அந்த வீடு இரண்டு வருஷமாய்ப் பூட்டியது.
பூட்டின் மேல் தூசி,
துடைக்காமல் நாங்கள் எல்லோரும் சேர்ந்து காத்த தூசி.

வடிவு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
முனையில் டார்ச் எரிந்தது. வெளிச்சம் சுவரில் ஏறியது,
முதல் மாடி, இரண்டு, டோ மியா செயினின் கொடித்துணி.

பால்கனிக்கு ஓடிக் கம்பிக்கு வெளியே தலை நீட்டித்
தும்மினேன்.
பொய்த்தும்மல். மூன்றாவது மட்டும் நிஜம்.
"மிளகாய், தம்பி, மிளகாய்! மன்னிச்சுக்கோ!"
பர்மியில் தெருவே கேட்கக் கத்தினேன்.
வெளிச்சம் என் முகத்தில் நின்றது,
கண்ணெல்லாம் நீர், மூக்கெல்லாம் சிவப்பு,
துண்டு கழுத்தில்.
அவன் இன்னொரு முறை தும்மினான்.
டார்ச் அணைந்தது.

நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.
அரையாமல் நின்ற கொரகொரப்பை மறுநாள் சலித்தோம்,
மேலே தங்கிய விதையைத் தனியே கட்டினோம்.
நாலு கரண்டித் தூளை ஒரு பொட்டலம் மடித்து
சாமான் ஏற்றும் கயிற்றுக் கிளிப்பில் கவ்வவைத்து
வடிவு ஒரே மாடி இறக்கினாள்.
கயிற்றின் மணியை மட்டும்
விரலால் பொத்திக்கொண்டாள்.

விடிந்து பார்த்தால் பொட்டலம் இல்லை.
காகம் எடுத்திருக்கலாம் என்றேன்.
அவள் கிளிப்பைக் காட்டினாள்.
கயிற்றைத் தானே கவ்விக்கொண்டிருந்தது,
தலைகீழாக.