பதினோரு கே.வி.

பழங்காநத்தம் பக்கம் அப்போது ஒரு தியேட்டர்.
பெஞ்சு டிக்கெட்டில் நானும் இன்னாசியும்.
திரையில் மழை.
தீவில் கரண்ட் போனது,
வேலிக் கம்பி செத்தது,
கட்டிப்போட்ட ஆட்டைக் காணவில்லை.

அந்த நொடி பார்த்து
மதுரையிலும் கரண்ட் போனது.

சத்தியமாய்.
ஒரு விசில் இல்லை. ஒரு கெட்ட வார்த்தை இல்லை.
அறுநூறு பேர்
மூச்சை மடியில் முடிந்து வைத்திருந்தோம்.
முறுக்குக்காரன் நடைபாதையில்
ஒரு காலைத் தூக்கியபடி நின்றான்.
ஜெனரேட்டர் எடுத்து
டீசல் வாசம் வரும்வரை
அது உள்ளேதான் இருந்தது,
எந்த வரிசையில் என்றுதான் தெரியவில்லை.

இரண்டாம் பாகம் டவுன்ஹால் ரோட்டு சிடியில்.
குறுக்கே யாரோ எழுந்து போவார்,
அவர் தலையைவிடச் சிறிய டைனோசர்.
மூன்றாவது, சென்னையிலிருந்து வந்த வீடியோ கோச்சில்.
விராலிமலையில் சத்தத்தைக் குறைத்தார்கள்,
மேலூரில் படத்தையே நிறுத்தினார்கள்.
அதன் முடிவை இன்றுவரை பார்க்கவில்லை.
டிவியில் போடும்போதெல்லாம் எனக்கு நைட் டூட்டி.

திருநகர் சப்ஸ்டேஷன்.
ஆறு பீடர், ஒரு மேசை, ஒரு டம்ளர் தண்ணீர்.
டிரான்ஸ்பார்மர் உறுமலில் அந்தத் தண்ணீர்
சும்மாவே வளையம் வளையமாய் நடுங்கும்.
பிரேக்கரை இறக்கும் ஒவ்வொரு தடவையும்
எங்கோ ஒரு வேலியை அவிழ்த்துவிட்ட மாதிரி
பிடரி சிலிர்க்கும்.
இருபத்தாறு வருஷ சர்வீஸ்.
இன்னாசியிடம் சொன்னால் சிரிப்பான்.
லிப்டில் கரண்ட் போனால்
அவனும் இமைக்க மாட்டான்.

நேற்று ஞாயிறு.
ராத்திரி முழுக்க மூன்றையும் வரிசையாய்ப் போட்டார்களாம்.
ஒன்பது மணிக்கு ஒரு வேப்பங்கிளை கம்பியில் சாய்ந்து
நாலாவது பீடர் விழுந்தது.
போன்.
ஹார்விப்பட்டியிலிருந்து ஒரு பொம்பளைக் குரல்:

'சார், கரண்ட் எப்ப வரும்? படம் ஓடிக்கிட்டிருந்துச்சு.'
'என்ன படம்மா?'
'அந்தப் பெரிய பல்லி சார்.'
'முன்னாடி பாத்ததே இல்லையா?'
'இருவது தடவ பாத்தாச்சு. அதுக்கு என்ன?'

அதுக்கு என்ன.
லாக் புக்கில் எழுதி வைக்கலாம் போலிருந்தது.

'எந்த இடத்துல நின்னுச்சு?'
'மழை பெய்யுது சார். கம்பிய மிதிச்சிட்டு வெளிய வருது.'

லைன்மேன் வீரணன் இன்னும் ஏணியில்.
'அஞ்சு நிமிஷம்மா' என்றேன்.
'அதுவரைக்கும் அசையாதீங்க.'

அந்தப் பக்கம் பேச்சில்லை.
போனையும் வைக்கவில்லை.