எண்பது கிராம்

போத்னியா வளைகுடா உறைந்து கிடக்கிறது.
மணி மூன்றுக்கே இருட்டு.
காகித ஆலை மூடிய பதினோராம் மாதம்
வெய்யோ நூலகத்துக்குள் நுழைந்தது
புத்தகத்துக்காக அல்ல.

வீட்டில் ஹீட்டரைக் குறைத்து வைத்திருந்தான்.
இங்கே கதகதப்புக்குக் காசில்லை.
எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும்
என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

கைக்கு வந்ததை எடுத்தான்.
படிக்கவில்லை.
ஒரு தாளை விரலிடுக்கில் தேய்த்தான்,
விளக்குக்கு நேரே பிடித்தான்.
"எண்பது கிராம். நார் குறுக்கே ஓடுது,
அதான் முதுகு விட்டுப்போச்சு"
என்றான் சன்னலிடம்.

நூலகர் ஹில்க்காவின் காதில் விழுந்துவிட்டது.
அவளிடம் முதுகு விட்டுப்போனவை
ஒரு தள்ளுவண்டி நிறைய இருந்தன.

முப்பத்தோரு வருடம்
டன் டன்னாக வெள்ளையாகவே அனுப்பியவன்.
அதன்மேல் என்ன அச்சானதென்று
ஒருநாளும் பார்த்ததில்லை.
இப்போது பசை காயும்வரை
வேறு வேலையில்லாமல் வாசிக்கிறான்:
தேனீக்கு வரும் நோய்கள்,
கடன்காரனுக்கு எழுதும் கடிதம்,
துர்க்கு நகரில் ஒரு கொலை.

கொலையில் கடைசிப் பதினாறு பக்கம் இல்லை.

ஹில்க்கா கணினியைத் தட்டினாள்.
"ரொவானியெமியில் ஒரு பிரதி இருக்கு.
வியாழன் காலை வரும்."
"எவ்வளவு?"
"ஒன்றுமில்லை."
பக்கத்து அலமாரியிலிருந்து
டிரில் மிஷினையும் இரவல் கொடுத்தாள்,
அவன் வீட்டுக் கதவுக்கு.

வியாழன். மைனஸ் இருபத்து நாலு.
திறக்க இன்னும் பத்து நிமிடம்.
முகம் மழித்து வந்து
படியில் நிற்கிறான் வெய்யோ,
குளிருக்கு ஒதுங்க வந்தவன் என்று
யாரும் நினைத்துவிடக் கூடாதென்று
கோட்டின் பொத்தான்களைத்
திறந்து விட்டபடி.