பெருவிரல்

முதலில் கண்டுபிடித்தவன் லிங்கொயான்.
கடைசி பெஞ்சு. கணக்கில் எப்போதும் மூன்று மார்க்.

வெள்ளிக்கிழமை மாலை. வெளியே காற்று.
புன்ட்டா அரேனாஸ் காற்று:
பிடித்து நடக்கத் தெருமுனைகளில்
கயிறு கட்டிவைத்திருக்கும் ஊர் இது.

திராகா டீச்சர் சொன்னது இவ்வளவுதான்:
"உங்களுக்குப் பிடித்தவரின் பத்து வீடியோ.
சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்."
பிறகு அவர் பாட்டுக்கு விடைத்தாள் திருத்தினார்.

எங்களுக்குப் பிடித்தவள் கத்தா.
சத்தம் போனதும் அவள் சிரிப்பு
தொட்டி மீன் வாயைப் போலிருந்தது.
கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

"விரலைப் பாருங்கடா" என்றான் லிங்கொயான்.

சர்க்கரை மிஞ்சினால் இங்கே
பாக்கெட்டின் நெற்றியில்
எட்டு மூலைக் கறுப்பு முத்திரை குத்துவார்கள். சட்டம்.
பத்து வீடியோவிலும் அவள் பெருவிரல்
அந்த முத்திரைமேல்தான் படுத்திருந்தது.
பிஸ்கட்டில். குளிர்பான டின்னில்.
உடம்புக்கு நல்லதென்று சத்தியம் செய்த தயிரில்.
முழுப் பூசணிக்காயை மறைக்கச்
சோறாவது வேண்டும் மற்றவர்களுக்கு.
இவளுக்கு ஒரு நகம் போதும்.
அந்த நகத்தின் சாயமும் எவரோ இலவசமாக அனுப்பியது.

வகுப்பே கூச்சல்.
ரயென் தன் நோட்டிலிருந்த கத்தா ஸ்டிக்கரைக் கிழித்தாள்,
கிழிப்பதை வீடியோ எடுத்தாள்,
அதற்கு நானூறு லைக்.

இரவு, என் போனில் பின்னோக்கிப் போனேன்.
தம்பியின் பிறந்தநாள். துறைமுகச் சுவர்.
பென்குவின்களுக்கு முன்னால் நான்,
கையில் டின்.
என் பெருவிரல்
அதே இடத்தில்.

ஒரு பெசோகூட எனக்கு யாரும் தரவில்லை.

பென்சில் பிடிக்கப் பழகியது நினைவிருக்கிறது.
ஷூ நாடா முடிச்சு, அழுதுகொண்டே, அதுவும்.
இது எப்போது?

திங்கட்கிழமை பெட்டிக்கடையில்
எனக்கு முன்னால் லிங்கொயான்.
கண்டுபிடித்தவனே அதே டின்னை வாங்கினான்.
"தாகம்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.
ஆனால் பிடித்த விதம் வேறு:
அடியில் நாலு விரலால் ஏந்தி,
கறுப்பு முத்திரை ஊருக்கே தெரியும்படி.

நான் தண்ணீர் வாங்கினேன் என்று எழுத ஆசை.
"பாதி எனக்கு" என்றேன்.

கயிற்றோரம் நடந்தோம்.
ஒரு கை கயிற்றில்,
மறு கையில் டின், மாற்றி மாற்றி.
இருவர் பெருவிரலும்
எங்கே போவதென்று தெரியாமல்
காற்றில் விறைத்துக்கொண்டு.