தடைக்காலத்து வெண்டை

ஏழு மணிக்கெல்லாம் மொட்டைமாடி
செருப்பைத் தாண்டிச் சுடும்.
அதற்குள் பறித்தாக வேண்டும்.
லிஃப்ட் இல்லாத வாரியக் குடியிருப்பு, நாலு மாடி.
முன்னால் நான், இடுப்பில் ஒரு குடம்.
பின்னால் தேசப்பன், கைக்கொரு குடம்.
போன வருஷத் தடைக்காலத்தில்
கொச்சிப் பக்கம் போட்டுக்குப் போயிருந்தான்.
இந்த வருஷம் தோள்பட்டை விடவில்லை.

தெர்மகோல் பெட்டிகள் இருபத்திரண்டு.
காசிமேட்டில் ஐஸும் வஞ்சிரமும் சுமந்தவை.
ஓரம் உடைந்தால் ஏலக்கூடத்துக்கு வெளியே எறிந்துவிடுவார்கள்.
நான் பொறுக்கி வந்து, அடியில் ஓட்டை போட்டு,
செம்மண்ணும் மாதவரத்து எருவும் நிரப்பினேன்.
எவ்வளவு கழுவினாலும் வாடை போகவில்லை.
அதனால்தான் இந்தப் பூனைகள்
கத்தரிச் செடியை இவ்வளவு நம்பிக்கையோடு தோண்டுகின்றன.

இலையெல்லாம் கரி.
எண்ணூர்க் காற்று அடித்த இரவுக்கு மறுநாள்
விரலால் கோடு போட்டால் கோடு நிற்கும்.
நைட்டி ஓரத்தில் துடைத்த பிறகுதான்
வெண்டை பச்சை என்று நம்ப முடியும்.

பறிக்கத் தெரியவில்லை அவனுக்கு.
வலை இழுத்த கை,
இழுத்தால் வரும் என்றே நினைக்கிறது.
முதல் காயோடு பாதிக் கிளையும் வந்தது.
"இன்னாய்யா, வேரோட கரையேத்தப் போறியா?"
கத்தரிக்கோலைக் கொடுத்தேன்.
காம்பைத் தேடித் தேடி வெட்டினான்,
கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோப்பவன் போல.
சுணை அரிக்கிறதாம்.
சொறிமீன் பட்டு முழங்கை வரை தடித்த அன்றும்
வாய் திறக்காதவன்.

வெண்டை பதினேழு.
கத்தரி ஆறு, அதில் ஒன்று புழுவுக்கு.
கொத்தவரை ஒரு பிடி. மிளகாய் எண்ணவில்லை.
கிழிந்த வலையைக் கட்டி ஏற்றிய பீர்க்கை
வலை போதாமல், குறுக்குக் கம்பியும் போதாமல்,
ஜைத்தூன் அக்காவின் துணிக்கொடியைப் பிடித்து
இரண்டு லுங்கிகளுக்கு நடுவே
ஒரு முழம் காய்த்துத் தொங்கியது.
"என் கொடியில தொங்குறது என்னுது" என்றாள்.
சிரிக்காமல் சொன்னாள்.
அதனால் அங்கேயே பாதியாக வெட்டினோம்,
காம்புப் பக்கம் அவளுக்கு.
தண்ணீர் லாரிக்கு மாசாமாசம் நான் கொடுக்கும் காசை நினைத்தால்
அந்தப் பாதிக்கு வஞ்சிரம் விலை.

பெட்டிகளில் இன்னும் கொஞ்சம் இருந்தன,
சுண்டுவிரல் நீளத்தில்.
பதினேழு போதாது, நாலு பேர் குழம்புக்கு
இருபது இருந்தால் நிறையும்.
மூன்றைத் தொட்டேன்.
"குஞ்செல்லாம் விடு" என்றான்.

கடலில் அவன் அப்படிச் சொன்னதாக
யாரும் எனக்குச் சொன்னதில்லை.
கட்டிலுக்கடியில், பழைய போர்வை சுற்றி,
அதிகாரிகள் கண்ணில் படாத சின்னக் கண்ணி வலை ஒன்று இருக்கிறது.
பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் அதில் இடிக்கும்.
ஒன்றும் பேசாமல்
கத்தரிக்கோலை வாங்கி மூடி வைத்தேன்.

மத்தியானம் கத்தரிக்காயோடு நெத்திலிக் கருவாடு.
வெண்டை புளிக்குழம்பில் கரைந்து
யார் தட்டிலும் பதினேழு தெரியவில்லை.
சின்னவள் மிளகாயைக் கடித்துவிட்டு
செடியைத் திட்டினாள்.

சாயங்காலம் ஆளைக் காணோம்.
மேலே இருந்தான், சுவரோரம்.
துறைமுகத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய
படகுகளைப் பார்க்கிறான் என்று நினைத்தேன்.
பக்கத்தில் போனால், குனிந்து,
காலையில் விட்ட வெண்டையை
விரற்கடை வைத்து அளந்துகொண்டிருந்தான்.
"இன்னும் அம்பத்திரண்டு நாள் கீது."
எதற்கென்று சொல்லவில்லை.
"அதுக்கு ரெண்டு நாள் போதும்" என்றேன்.
காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவன் இறங்கினான்,
நல்ல தோளில்.