எலும்போடு அரைக்கிலோ

என் இடுப்பளவு தையல்காரிக்குத் தெரியும்.
அது ஏன் மாறிக்கொண்டே வந்ததென்று
கழனிவாசல் ஜபருல்லாவுக்குத்தான் தெரியும்.

முதல் வருடம் கொழுப்பாகக் கேட்டேன்.
விலாவோரம், வாலோரம்,
மற்றவர்கள் அரிந்து தள்ளச் சொன்னதையெல்லாம்
எனக்கென்று ஒதுக்கிவைத்தார்.
தொண்ணூற்று மூன்று கிலோ. சர்க்கரை முந்நூற்றுப் பத்து.
செக்காலை ரோட்டு லேப்பில்
ரத்தம் குத்தி எடுப்பது என் பிழைப்பு.
என் குழாயிலும் நானே எழுதி ஒட்டினேன்:
தெய்வானை, பெண், 38.
யாரோ ஒருத்தியுடையதைப்போல.

அரிசி இல்லை, பருப்பு இல்லை, சோம்பு பட்டை எதுவும் இல்லை.
ஊரே மசாலா அரைக்கும் ஞாயிற்றுக்கிழமையில்
என் சட்டியில் கறியும் கல்லுப்பும்.
"உப்புக்கறியா?" என்று மூடியைத் திறந்த நாத்தனார்
மிளகாயைத் தேடி ஏமாந்து மூடினாள்.
கல்யாண வீடுகளில் சைவப் பந்தி.
இலையில் முதலில் வைத்த உப்போடு எழுந்து
வண்டிகள் நிற்கும் பக்கம் போய்
அவித்த முட்டை உரிப்பேன்,
பீடி குடிக்கிறவன் மாதிரித் திரும்பி நின்று.

மூன்றாம் வருடம்
கொழுப்பு வேண்டாம், தொடை என்றேன்.
"எடை இறங்கிருச்சு. இப்ப என்னத்தத் தூக்கப்போறீக?"
"இரும்பு, பாய்."
பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தகரக்கூரை ஜிம்.
என்னைத் தவிர எல்லோருக்கும் மீசை.
எண்பது கிலோ தரையை விட்ட நொடியில்
மூக்கிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது.
துடைத்துவிட்டு இன்னொரு தடவை தூக்கினேன்.
நாளுக்கு ஒரு கிலோ கறி, எட்டு முட்டை.
மென்று மென்று
தாடைதான் முதலில் பலசாலியானது.

அப்புறம் ஓடவேண்டும் போலிருந்தது.
ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.
தை மாத விடியல், கோவிலூர் சாலை.
ஆறாவது கிலோமீட்டர் வரை நான்,
அதற்குமேல் வெறும் கால்கள்.
ஏழாவதில் கருவேலங்காட்டோரம்
பல்பு அணைவதுபோல் அணைந்தேன்.
சைக்கிளில் கூடையோடு வந்த ஒருத்தி
தூக்கி உட்காரவைத்து
பனங்கிழங்கு ஒன்றை உரித்துக் கையில் கொடுத்தாள்.
நாரைத் துப்ப மறந்து தின்றேன்.
பாவம் செய்த மாதிரி இருந்தது.
பிறகு பசித்த மாதிரி மட்டும் இருந்தது.

ஓட்டத்துக்கு முந்தின இரவில் கிழங்கு.
பிறகு கறியோடு மோர்.
பிறகு ஒரு கைப்பிடி கவுனி.
என்னோடு சேர்ந்து தொடங்கிய தேவகோட்டை ராக்கப்பன்
போனில் கத்தினான்: "மதம் மாறிட்டியா?"
மருந்துக்கடைக்கு எழுதின சீட்டை
நீ சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டாய் என்றேன்.
மூன்று மாதம் பேசவில்லை.
அவன் சர்க்கரையும் நன்றாகத்தான் இருக்கிறது,
அதையும் சொல்லவேண்டும்.

இப்போது நாற்பத்தைந்து.
தீட்டு தப்பித் தப்பி வருகிறது.
இரவு மூன்று மணிக்கு
உடம்பு கொதித்து எழுப்புகிறது.
இரும்பும் மெடலும் கட்டிலுக்கடியில்.
வேண்டியதெல்லாம் விடியும்வரை தூக்கம்,
குன்றக்குடிப் படி இறங்கும்போது
சத்தம் போடாத முழங்கால்.

போன ஞாயிறு,
"எலும்போடு அரைக்கிலோ."
ஜபருல்லா கத்தியைக் கட்டையில் ஊன்றினார்.
"உடம்புக்கு முடியலையா ஆச்சி?"
"நல்லாயிருக்கு பாய். அதான்."
நம்பவில்லை.
தராசு நின்ற பிறகு
ஒரு துண்டு ஈரலைத் தூக்கிப் போட்டார், கணக்கில் சேராமல்.

ஏழு வருடம் கழித்து எண்ணெயில் சோம்பு போட்டேன்.
நாலு தும்மல்.
சின்ன வெங்காயம், மிளகு,
எலும்பு வேக ஒன்றரை மணி நேரம்.
வாசம் பிடித்து வந்த நாத்தனார்
மூடியைத் திறந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
கரண்டியால் உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்துவிட்டு
"உப்புப் பத்தலை" என்றாள்.