இருநூற்றுப் பதினான்காம் வரி

பின்னேரம் நாலரைக்கு அனுப்பினேன்.
மாங்குளத்தில் அந்த நேரம்தான் சிக்னல் கொஞ்சம் இரங்கும்.
பத்தொன்பது வரி ஸ்கிரிப்ட்.
எனக்கு முன் இந்தக் கதிரையில் இருந்த நிரூபன்
கனடாவுக்குப் போக முதல் எழுதி வைத்தது.
மேலே ஒரு குறிப்பு:
"ஏழாம் வரியில் கை வைக்காதேங்கோ."
ஏனென்று எழுதவில்லை. நான் வைக்கவுமில்லை.

அது கோப்பைத் திறக்கும்.
எக்ஸ்எம்எல் என்று நெற்றியில் எழுதி ஒட்டும்.
கடவுச்சொல்லைக் காட்டி, கொழும்பில் எங்கேயோ
குளிர் அறையில் நிற்கும் சேர்வருக்குத் தள்ளிவிடும்.
பிறகு முப்பது விநாடி காத்திருக்கும்.
அதற்கு மேல் பொறுமை
அதற்கு எழுதப்படவில்லை.

கோப்புக்குள்ளே இந்தக் கிழமை துப்புரவாக்கிய காணி,
ஒலுமடுப் பக்கம் பதினொரு துண்டு.
ஒவ்வொன்றுக்கும் திறக்க ஒரு குறி, மூட ஒரு குறி,
நடுவில் மூலைக்கட்டைகளின் எண்கள்.
மிதிவெடி நாற்பத்தாறு. மோட்டார் ஷெல் ஒன்று.
சின்னப்பிள்ளைச் செருப்பு ஒன்று.
செருப்புக்குக் குறி இல்லை,
"வேறு" என்பதற்குள் போட்டேன்.

பதில் வந்தது: நானூறு.
வரி இருநூற்றுப் பதினான்கு. வளையம் மூடவில்லை.

போய்ப் பார்த்தேன்.
ஒன்பதாம் துண்டு, கனகசூரியத்தாரின் வயல்.
முதல் கட்டையில் புறப்பட்டு வேலியோடு நடந்து
அதே கட்டைக்குத் திரும்பவேண்டிய கோடு
ஆறாம் கட்டையில் நின்றுவிட்டிருந்தது.
முதல் எண்ணைக் கொப்பி எடுத்துக் கடைசியில் ஒட்டினால் சரி.
மூன்று விநாடி வேலை.
சேர்வருக்கு வயல் தெரியாது, வளையம்தான் தெரியும்.
காலையில்தான் அந்த மனுசன் பேமிட்டோடு வந்து
மாரிக்கு முதல் உழவேணும் என்று நின்றவர்.
உழவு மெஷினுக்கு அட்வான்சும் குடுத்தாச்சாம்.

ஒட்டும் பொத்தானில் விரல் கிடந்தது.

பிறகு போன் எடுத்தேன்.
டெய்சிராணி அக்கா முகக்கண்ணாடியைத் தூக்குவது கேட்டது.
"ஆறுக்கும் ஒண்டுக்கும் நடுவிலை என்னக்கா?"
"பாலைமர வேர். அதுக்குக் கீழை மெஷின் கத்துது.
ரெண்டு மீற்றர்தான். நாளைக்கு மழை இல்லாட்டிக்
கையாலை கிண்டிப் பாப்பன்."
"ஆணியாயும் இருக்கலாம் என்ன?"
"இருக்கலாம். நீ எழுதாதை."

எழுதவில்லை.
ஒன்பதாம் துண்டை வெட்டி வேறு கோப்பில் வைத்தேன்.
பெயர், மிச்சம்.
திரும்ப ஓடவிட்டேன். கறண்ட் போனது.
பட்டரியில் ரூட்டர் பச்சையும் செம்மஞ்சளுமாய்த் தடுமாறி
இருபத்தெட்டாம் விநாடியில்
இருநூறு என்றது. ஏற்றது: பத்து.

கனகசூரியத்தாருக்கு நானே எடுத்துச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பின்னால் மெஷின் உறுமும் சத்தம்.
"அப்ப அந்த ரெண்டு மீற்றரை விட்டிட்டு
மற்றதை உழட்டோ, பிள்ளை?"

வேண்டாம் என்பதற்குள் லைன் அறுந்தது.
திரும்ப எடுத்தேன்.
மணி அடித்தது, அடித்தது.
முப்பது விநாடி தாண்டியும்
அடிக்கவிட்டேன்.