வந்த விதம்

சினோடு ஆபீஸ் அனுப்பிய படிவத்தில் ஐந்து பத்தி:
பொருள், எண்ணிக்கை, வந்த விதம்,
மதிப்பு, இப்போதைய நிலை.
பதினைந்தாம் தேதிக்குள் நாகர்கோவிலில் சேர வேண்டுமாம்.
ஈஞ்சவிளை சபைக்குச் செயலாளராகக் கைதூக்கியது
என் தப்பு.

கோயில்குட்டி தேவவரம் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க
பீடத்தை அளந்தோம். ஆறரை அடி. அயினி.
ஒரே மரம், ஏசுவடியான் விளையில் நின்றது.
கொடுத்தாரா, விற்றாரா என்பதில்
இரண்டு வீட்டுக்காரர்கள் இன்றுவரை
கல்யாணத்துக்குக்கூட அழைத்துக்கொள்வதில்லை.
'நன்கொடை' என்று எழுதினேன்.
கேஸ் போட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

ஞானஸ்நானத் தொட்டி, கல், ஒன்று.
சாய்த்துப் பார்த்தால் அடியில் உரலின் பழைய குழி.
யாருடைய நெல்லையோ குத்திய கல்.
எங்களுடையதல்ல,
அப்போது எங்களுக்கு நெல் கிடையாது,
குத்தின கை மட்டும் இருந்தது.

மணி குளச்சலில் இறங்கி மாட்டுவண்டியில் வந்தது.
அதன் விளிம்பில் ஓடும் எழுத்தை
வேதவாக்கியம் என்றே அறுபது வருஷம் நம்பினோம்.
விருந்தாளியாக வந்த ஒரு வெள்ளைக்காரி
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்துவிட்டு
சங்கடத்தோடு சொன்னாள்,
ஏதோ ரயில் நிலையத்தின் பெயராம்.
மறுநாளும் ஐந்தரைக்கு அடித்தது.
மறுநாளும் எழுந்தோம்.

பீடத்து வளைவில் மூன்று 'பரிசுத்தம்'.
பெயின்டருக்கு இடம் போதாமல்
மூன்றாவது மட்டும் சுண்டெலி அளவு.
பிள்ளைகள் அதை இரகசியமாகத்தான் சொல்வார்கள்.
பொருளா அது? பத்தியில் சேருமா?
விட்டுவிட்டேன். பிறகு சேர்த்தேன்.

வரிசை எண் பதினொன்றில் பேனா நின்றது.
பெஞ்சு, பலா, ஒன்று, சாய்மானம் இல்லாதது.

தோட்டுக்கு அக்கரையில் முந்தின கோயிலில்
நாங்கள் இருந்தது கதவோரம், மணலில்.
பாட்டு எல்லோருக்கும் ஒன்று,
அப்பம் எங்களுக்குக் கடைசியில்.
ஒருநாள் பதினோரு குடும்பம்
நாகர்கோவில் பங்களா வரைக்கும் நடந்தது.
பள்ளிக்கூடம் வேண்டுமா, மருந்து வேண்டுமா என்று
லுத்தரன் பாதிரியார் கேட்க,
வேதக்கண் சொன்னாராம்:
'ஒரு பெஞ்சு வேணும் ஐயா.'

இப்படித்தான் சொல்கிறார்கள்.
நூற்றாண்டு விழாவுக்கு வந்த
பாதிரியார் நாட்குறிப்பின் நகலில் வேறு மாதிரி இருக்கிறது:
'மழை. சிலர் வந்தார்கள். ஏதோ கேட்டார்கள்.
நம்பலாமா தெரியவில்லை.'

ஆனாலும் பெஞ்சு வந்தது,
சுவருக்கு முன்னால், கூரைக்கு முன்னால்.
கொல்லாமரத்தடியில் போட்டுவிட்டு
ஒரு மாதம் சுற்றி நின்றே ஜெபித்தார்கள்,
உட்கார்ந்தால் யார் வந்து கேட்பார்களோ என்று.
முதலில் உட்கார்ந்தது ஞானாபரணம்.
புரட்சி ஒன்றுமில்லை.
எட்டு மாதம். இடுப்பு வலி.
'நிக்க முடியல்ல' என்று மட்டும் சொன்னாளாம்,
பரமண்டல ஜெபத்தின் நடுவில்.

ஆசாரி தட்டிப் பார்த்து மதிப்புச் சொன்னார்:
விறகுக்கு நானூறு.
ஒக்கியில் ஓடு விழுந்த தழும்பு ஒன்று.
ஒரு கால் ஆடுகிறது.
தேவவரம் போன வருஷத்துக் காலண்டரை மடித்து
அடியில் கொடுத்தான்.
இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம்.
இன்னும் கொஞ்சம் ஆடியது.

வந்த விதம் என்ற பத்தி ஒரு அங்குல அகலம்.
அடித்து, மறுபடி எழுதி,
கடைசியில் ஒரே சொல்:
நடந்து.

வரிசை எண் பன்னிரண்டு.
பிளாஸ்டிக் நாற்காலி, சிவப்பு, அறுபது.
குவைத் பணம்.
ரசீது இருக்கிறது.